முதுகைக் காட்டித் துடுப்பு வலித்தவன்

நீர்த்தேக்கம் கட்டிய புதிதில், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மூட்டைகளைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோவது என் வேலை. பார்வை மங்கியதால் கொழுந்தெடுப்பிலிருந்து நிறுத்தப்பட்ட செல்லம்மாவைத் துடுப்பு வலிக்கப் பழக்கும்படி கணக்கப்பிள்ளை சொன்னதும், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அதை அவளிடம் காட்டினேன். ஆளுக்கொரு துடுப்பை வலிக்கையில் படகு கோணும்போதெல்லாம், "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேல?" என்று கத்தினேன்.

அவள் வலிப்பதை நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்களும் அக்கரைக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தானே வலிக்கிறீங்க? முன்னால இருக்கிறது உங்களுக்கு மட்டும் தெரியுதா? ரெண்டு துடுப்பும் ஒரே மாதிரி சத்தம் போட்டா படகு நேராப் போகும். நீங்க கத்துறதுல அது எனக்குக் கேக்கல."

வாயை மூடினேன். படகு கோணாமல் அக்கரையைத் தொட்டது.

அன்று அவளிடம் கத்தியதை இன்றும் நினைத்தால் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. கத்தித் தீர்க்கத்தான் ஆளில்லை, என்னைத் தவிர.