பகலில் சாப்பிடாத பூனை

எங்கள் வீட்டுப் பூனைக்கு என்ன வருத்தம் என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. இரண்டு டொக்டர்மார் பார்த்தார்கள். இரண்டு பேரும் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் யார் மேலும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அலவத்துகொடையில் நானும் மகளும்தான் இருக்கிறோம். மகளுக்குக் கண்டியில் ஒரு கந்தோரில் வேலை. காலையில் போனால் பொழுதுபடும் நேரத்தில்தான் வருவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் பூனையும். வெள்ளையில் மண்ணிறத் திட்டுகள் உள்ள பெண் பூனை. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் குட்டியாக மழையில் நனைந்து வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. "புள்ள" என்று கூப்பிட்டால் வருவாள்.

நோன்பு மாதம் வந்தால் அவளுடைய பழக்கமும் மாறிவிடும். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்பும்போது அவளும் எழும்பி என் காலடியில் வந்து இருப்பாள். நான் சாப்பிடுகிற சோற்றில் மீனோடு பிசைந்து வைத்தால் சாப்பிடுவாள். பிறகு பகல் முழுக்கத் தூக்கம். பொழுதுபட்டு மகரிபுக்குப் பாங்கு சொன்னதும் நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பதற்கு முன்பே குசினியில் வந்து நிற்பாள். பகலில் மீன் வைத்துப் பார்த்திருக்கிறேன், மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பூனைக்கு நோன்பு கடமையா என்ன? அடுப்பு மூட்டாத, சட்டி பானைச் சத்தம் இல்லாத வீட்டில் அவளுக்கும் பசி வருவதில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

இந்த முறை நோன்பு பாதி போனபோது அவளுடைய ஒரு காதில் கெட்ட வாடை வந்தது. ஓயாமல் தலையை உதறினாள். கொஞ்சம் மெலிந்த மாதிரியும் இருந்தது. நோன்பில் நானும்தான் மெலிகிறேன், அதனால் மெலிவை நான் பெரிதாக எடுக்கவில்லை. காதைக் காட்டத்தான் போனோம்.

மகள் அரை நாள் லீவு எடுத்தாள். பூனையைச் சந்தைக் கூடையில் வைத்து, மேலே என் பழைய முந்தானைத் துண்டைக் கட்டி, ஓட்டோவில் கண்டிக்குப் போனோம். புதிய கட்டடத்தில் கீழ்த்தட்டில் அந்த மிருக டிஸ்பென்சரி. வரிசையாகக் கதிரைகள், கதிரைக்கு ஒரு நாய் என்று சொல்லலாம். ஒரு பெரிய நாய் என் அபாயாவை மணக்க வந்தது. நான் இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

"கடிக்க மாட்டான், அம்மே," என்று நாய்க்காரர் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

கடிக்குப் பயமில்லை. அதன் ஈரம் பட்டால் அந்த உடுப்போடு தொழ ஏலாது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? நானும் சிரித்தேன். எங்கள் முறை வரும்வரை கால் மேலேதான் இருந்தது.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை. களைத்த முகம். மகளோடு சிங்களத்தில் பேசினார். எனக்குக் கடை கண்ணிக்குப் போகிற அளவுக்குத்தான் சிங்களம். டொக்டர்மார் பேசுகிற சிங்களம் விளங்காது.

"சாப்பிடுறாவா எண்டு கேக்குறாங்க உம்மா."

"பகல்ல தின்னுறல்ல."

"எப்பேந்து?"

"நோன்பு தொடங்கினதுலேந்து."

நோன்பு தொடங்கியதிலிருந்து சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். டொக்டரின் புருவம் மேலே போனது. பூனையின் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டார், ஈறைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் வேகமாக ஏதோ சொன்னார். ராவைக்கு நல்லாத் தின்னுறா என்று மிச்சத்தையும் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பூனையை உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

"இத்தன நாளாத் திங்காட்டிக் கடுமையாம். ரத்தம் எடுத்துப் பாக்கோணுமாம். சேலைன் ஏத்தோணுமாம். இங்க வெச்சிட்டுப் போகச் சொல்றாங்க."

நான் தலையை ஆட்டினேன். காதைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மகளிடம் சொன்னேன்.

"ராவைக்குத் தின்னுறாதானே மகள். சஹருக்கும் தின்னுறா."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகரிபுக்கு அவள் அநேகமாகப் பஸ்ஸில் இருப்பாள், சஹருக்கு அரைத் தூக்கத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவள். பூனை சாப்பிட்டதை எங்கே கண்டாள்?

"அப்ப அத ஏன் உம்மா அங்க சொல்லல்ல?"

"அவங்க கேக்கல்லயே."

"அல்லாஹ்வே!" என்று தலையில் கை வைத்துவிட்டு, உடனே அங்கே ஃபோனில் கோல் எடுத்தாள். எடுத்த பெண், டொக்டரிடம் சொல்கிறேன் என்றாளாம். சொன்னாளா, சொல்லவில்லையா, அது வேறு எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம் பார்க்கப் போனோம். அவளை ஒரு கூட்டில் போட்டிருந்தார்கள். முன்காலில் பஞ்சும் பிளாஸ்டரும். பக்கத்தில் ஒரு தட்டில் சாப்பாடு, தொட்டுப் பார்க்கவே இல்லை. கீழ்க் கூடுகளில் நாய்கள் விடாமல் குரைத்தன. அவள் மூலையில் சுருண்டு எங்களைப் பார்த்தாள், வரவில்லை.

டொக்டர் ஒரு கடதாசியைக் காட்டி மகளிடம் நீளமாகப் பேசினார். மகள் என் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னாள்.

"கிட்னி பழுதாம் உம்மா. இங்க வந்தும் ஒண்டும் தின்னல்லயாம். நாளைக்கும் இப்பிடித்தான் எண்டா, கஷ்டப்படுத்தாம ஊசி ஒண்டப் போட்டு முடிக்கிறதுதான் நல்லதாம்."

டொக்டர்மார் சொன்னால் மறுபேச்சுப் பேசாதவள் நான்.

"மகரிபுக்குப் பொறகு தின்னுவா எண்டு சொல்லுங்க."

"உம்மா, இதெல்லாம் எப்பிடிச் சொல்றது? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சொல்லுங்க."

மகள் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். என் தோளில் கை வைத்து, "அம்மே, பூனைக்கு நேரம் தெரியாது," என்று எனக்கு விளங்குகிற சிங்களத்தில் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பமென்றால் கொண்டுபோகலாம், ஆனால் தினமும் சேலைனுக்குக் கொண்டு வர வேண்டும் என்றார்.

கொண்டு வந்தோம். அன்று மகரிப் பாங்குக்கு நான் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே குசினி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை நொண்டி நொண்டி வந்தாள். தட்டை மணந்தாள். சாப்பிடத் தொடங்கினாள். மீன் முடிந்தது. கஞ்சியில் கிடந்த இறைச்சித் துண்டையும் கேட்டு மியாவ் என்றாள்.

"உம்மா, இவ சரியான நோன்பாளி!" மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாளைக்கி அந்த டொக்டருக்கு வீடியோ எடுத்து அனுப்பப் போறேன்."

எனக்கும் பெருமைதான். ஆனால் சாப்பிட்ட பிறகு அவள் தண்ணீர்க் கோப்பைக்குப் போனாள். குடித்தாள், குடித்தாள், கோப்பை காயும்வரை குடித்தாள். முன்பு அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன கருத்து என்று தெரியவில்லை.

மகள் வீடியோவை அனுப்பினாள். சாப்பிட்டது சந்தோசம், ஆனாலும் இரத்தத்தில் உள்ளது உள்ளதுதான், சேலைனை நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தக் கூட்டுக்கும் நாய்ச் சத்தத்துக்கும் தினமும் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவரிடமும் காட்டிப் பார்ப்போம் என்று மகள் சொன்னாள்.

அக்குறணைப் பக்கம் ஒரு வயதான டொக்டர் இருக்கிறார், எங்கள் ஆள். முன்பு ஊர் ஊராக மாடு பார்த்தவர், இப்போது வீட்டோடு ஒரு அறை போட்டு எல்லாம் பார்க்கிறார். மகள் முன்பே கோல் எடுத்து விசயத்தைச் சொல்லியிருந்தாள். நாங்கள் போனபோது நல்ல மழை.

"வாங்க ராத்தா, இருங்க. எனத்த, பகலைக்குத் தின்னுறல்லயா? எங்கட ஊட்டுப் பூனையும் நோன்புக்கு இப்பிடித்தான். பகலெல்லாம் ஒரே ஒறக்கம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் நினைத்ததைக் கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் காதைத் துப்புரவாக்கி, மருந்து விட்டு, இதுதான் வருத்தம், வேறொன்றும் இல்லை என்றார். மகள் இரத்தக் கடதாசியை நீட்டினாள். கண்ணாடி போடாமல் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை மடித்து விசிறிக்கொண்டார்.

"இந்தக் காலத்துப் புள்ளைகள் கடதாசியத்தான் பாக்குறாங்க ராத்தா, பூனையப் பாக்குறல்ல. சேலைன் கீலைன் ஒண்டும் தேவல்ல."

நான் துணிந்து கேட்டேன். "தண்ணி மிச்சம் குடிக்கிறா டொக்டர்."

"வெக்கைதானே. நீங்களும் நோன்பு தொறந்தா குடிக்கிறீங்கதானே."

வெளியே கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மகள் என்னைக் கேட்டாள். "என்ன செய்ற உம்மா? ஒராள் சேலைன் எண்டுறாங்க, ஒராள் வாணாம் எண்டுறாங்க. நீங்கதான் சொல்லோணும்."

என் வாழ்க்கையில் என்னிடம் அப்படி யாரும் முடிவு கேட்டதில்லை. வாப்பா இருந்தபோது வாப்பா சொன்னார், பிறகு கணவர், பிறகு மகள். அன்று இரவு இஷா தொழுதுவிட்டு அதே இடத்தில் வெகு நேரம் இருந்தேன். ஒரு டொக்டர் கடதாசியைப் பார்த்தார், பூனையின் நேரத்தைக் கேட்கவில்லை. மற்றவர் நேரத்தைச் சொன்னார், கடதாசியைச் சரியாகப் பார்க்கவில்லை. பூனையோ பாங்குக்குப் பாங்கு வந்து சாப்பிட்டாள். கண்ணால் கண்டதை நம்பினேன். காதுக்கு மட்டும் மருந்து விட்டேன். சேலைனுக்குப் போகவில்லை.

நோன்புப் பெருநாள் வரை அவள் நன்றாகத்தான் இருந்தாள். காது வாடை போய்விட்டது. எனக்குள்ளே ஒரு கணக்கு இருந்தது. நோன்பு முடிந்தால் வீட்டில் பகலில் அடுப்பு எரியும், சட்டிச் சத்தம் கேட்கும், அவளும் பழையபடி மத்தியானம் சாப்பிடுவாள். ஒவ்வொரு வருசமும் அப்படித்தானே.

பெருநாள் மத்தியானம் புரியாணி இறைச்சியில் நல்ல துண்டாகப் பிய்த்து வைத்தேன். வந்து மணந்தாள். போய்விட்டாள். விருந்துக்காரர் சத்தத்தில் பயந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் வீட்டில் விருந்துக்காரர் யாரும் இல்லை. அன்றும் சாப்பிடவில்லை. பிறகு மகரிபுக்கும் வருவது குறைந்தது. தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

திரும்பவும் அந்த இளம் டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஏசவில்லை. இனிச் சேலைன் ஏற்றியும் பெரிய பிரயோசனம் இல்லை, ஊசி போடுவதா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மகளிடம் ஒன்று கேட்கச் சொன்னேன்.

"அண்டைக்கே சேலைன் ஏத்தியிருந்தா தப்பியிருப்பாவா எண்டு கேளுங்க."

மகள் கேட்டாள். டொக்டர் பூனையின் தலையைத் தடவினார். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம், அம்மே," என்றார்.

மகள் அக்குறணை டொக்டருக்கும் கோல் எடுத்தாள். அவர் சத்தம் எனக்கும் கேட்டது. "வயசு போன பூனதானே மகள். அந்தக் கூட்டுல போட்டுப் பயங்காட்டினதுலதான் ஒடஞ்சி போயிருக்கு. கிட்னி எல்லாம் இல்ல."

ஊசி வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அது சரியா பிழையா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நாளில், மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், குசினிப் பாயில் என் கைக்குப் பக்கத்திலேயே மூச்சு நின்று மௌத்தாகிப்போனாள். சத்தம் போடவில்லை. நோவு இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். பூனை முகத்தில் அதை எப்படிக் காண்பது?

மகள் வரும்வரை வைத்திருக்க முடியாத வெக்கை. நானே பின்பக்கம் வாழைக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அடடா, பூனை போயிட்டா ராத்தா? என்ன வருத்தம்?"

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கிட்னியா, வயதா, பயமா? எதைச் சொன்னாலும் ஒரு டொக்டர் பொய்யாகிவிடுவார்.

"தெரியா புள்ள," என்றேன்.

"ஏன், டொக்டர்ட்டக் காட்டல்லயா?"

"காட்டின. ரெண்டு பேருட்டக் காட்டின."