பதினொரு பென்சிலும் பிந்துலுவும்

நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் பரீட்சைக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வராதது. அப்போது படிக்காததால் பயமும் இல்லை.

சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் குழாய் வேலை எடுக்கும் குத்தகைக் கம்பெனி ஒன்றில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். தௌக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். பதினாறு வருடமாக அவரிடம் மலாயில் 'பொலே, பொலே' என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தேன். எதைக் கேட்டாலும் முடியும் என்று சொல்லிவிடுவது, பிறகு எப்படி முடியும் என்று வெளியே வந்து யோசிப்பது. இதுதான் என் நிர்வாக முறை.

தொண்ணூறுகளின் நடுவில் ஆலைக்காரர்களுக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. வேலையை நடத்துகிறவன் கையில் திட்ட நிர்வாகச் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். தௌக்கே என்னைக் கூப்பிட்டார். மேசையில் செங்கல் மாதிரி ஒரு புத்தகம் கிடந்தது.

"லு பாஸ், லு சினி. தா பாஸ், லு பிந்துலு."

சினி என்றால் இங்கே. பாஸானால் இங்கே, இல்லாவிட்டால் பிந்துலு. அவ்வளவுதான் பேச்சு. பிந்துலு சரவாக்கில், கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே கம்பெனிக்கு இரண்டு வருட வேலை ஒன்று கிடைத்திருந்தது. அங்கே சான்றிதழ் கேட்க ஆளில்லை.

நான் வழக்கம்போல 'பொலே' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து யோசித்தேன். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஆறாம் ஆண்டு வகுப்பு. சரவாக்கில் அவள் சொல்லிக்கொடுக்கத் தமிழ்ப்பள்ளி கிடையாது. நான் போனால் தனியாகத்தான் போக வேண்டும். பாயா ரும்புட்டில் வீடு வாங்கி, வாசலில் கறிவேப்பிலைக் கன்று நட்டு, அது இப்போதுதான் என் இடுப்புக்கு வளர்ந்திருந்தது. எனக்குச் சோறு வைக்கத் தெரியாது. சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது. அவள் இல்லாத வீட்டில் நான் சத்தமாகக்கூடப் பேசுவதில்லை, ஏனென்றால் திட்ட ஆள் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவள் புத்தகத்தைப் புரட்டினாள்.

"எல்லாம் அப்ஜெக்டிவ் கேள்விதானே. நாலுல ஒண்ணு. எங்க பிள்ளைங்க பன்னெண்டு வயசுல போடுதுங்க."

"உங்க பிள்ளைங்களுக்குப் பிந்துலு இல்லையே."

"தோத்தா ஒரு வருஷம் பின்தங்கி ரிமூவ் வகுப்புல உக்காரணும். அதுவும் பிந்துலு மாதிரிதான். உக்காருங்க."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாப்பாட்டு மேசை வகுப்பறையானது. அவள் சிவப்புப் பேனாவோடு எதிரில் உட்காருவாள். நான் முதல் மாதிரித் தேர்வை எழுதினேன். இட்லி ஆறுவதற்குள் திருத்தி முடித்தாள். தாள் முழுவதும் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"நூத்துக்கு முப்பத்தொம்போது. கண்ண மூடிக்கிட்டுப் போட்டாலே இருபத்தஞ்சு வரும். படிச்சதுக்குக் கூலி பதினாலு மார்க்கு."

பிறகு ஒரு கேள்வியைச் சத்தமாகப் படித்தாள். சாமான் கொண்டுவருகிறவர் சொன்ன நாளில் கொண்டுவரவில்லை. திட்ட நிர்வாகி முதலில் என்ன செய்ய வேண்டும்? அ, ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஆ, தாமதத்தால் என்ன பாதிப்பு என்று ஆராய வேண்டும். இ, வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஈ, உடனே வேறு ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும்.

"ஏன் 'ஈ' போட்டீங்க?"

"லோரி வரலன்னா உன் தம்பிக்குப் போன் அடிப்பேன். அவன் லோரி வரும்."

"சரி. இந்தக் கேள்வி? ஆள் பத்தல."

"உன் தம்பிக்குப் போன் அடிப்பேன். எஸ்டேட்லேருந்து நாலு பேரக் கூட்டிட்டு வருவான்."

"இது? மழையில வேலை நின்னுபோச்சு."

யோசித்தேன். "அவன்கிட்டப் பெரிய கான்வாஸ் ஒண்ணு இருக்கு."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பதினாறு வருடமாக நான் நடத்திய எல்லா வேலைகளுக்கும் ஒரே திட்டம்தான் இருந்திருக்கிறது. செலண்டார் பக்கம் எஸ்டேட்டில் குடியிருந்து லோரி ஓட்டும் என் மச்சான். அந்தத் தடித்த புத்தகத்தில் ஆயிரம் விஷயம் இருந்தது, மச்சான் மட்டும் இல்லை. மச்சானே இல்லாத ஒரு தேசத்தில் வேலை எப்படி நடக்கும் என்று அதை எழுதியவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "கேள்வியப் படிச்ச உடனே உங்க மனசுல என்ன தோணுதோ, அத முதல்ல அடிச்சிருங்க. மீதி மூணுதான் உங்களுக்கு."

சிரிக்காமல்தான் சொன்னாள். அடுத்த மாதிரித் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தெட்டு வாங்கினேன். என் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை இது. நான் செய்ய நினைப்பதைச் செய்யாமல் இருந்தாலே நான் நல்ல நிர்வாகி.

இன்னொரு சட்டமும் போட்டாள். விடையை முதலில் கேள்வித்தாளிலேயே சின்னதாகக் குறிக்க வேண்டும், அதன் பிறகுதான் விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். "எங்க பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான்." கோபம் வந்தது. ஆனால் பிள்ளைகள் பாஸாகியிருந்தார்கள்.

பரீட்சை கோலாலம்பூரில், ஒரு சனிக்கிழமை. முந்தின வாரம் மச்சான் வந்தான். விஷயம் அவனுக்கும் போயிருந்தது.

"மச்சான், பென்சில் எத்தன வச்சிருக்கீங்க?"

"பதினொண்ணு."

"எதுக்கு பதினொண்ணு?"

"பத்து உடஞ்சா?"

அதை அவன் முழு மரியாதையோடு ஏற்றுக்கொண்டான். பென்சில்களை வாங்கிக்கொண்டு எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போனான். வியாழக்கிழமை திரும்பி வந்தபோது ஒவ்வொரு பென்சிலும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிடிக்கும் இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஐயர் பதினொன்றுக்கும் தனித்தனியாக அர்ச்சனை செய்தாராம். எந்த நட்சத்திரத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

"தொடைக்காம எழுதுங்க மச்சான். தொடச்சா பலன் போயிரும் லா."

நான் துடைக்கவில்லை.

பரீட்சை மண்டபத்தில் ஐஸ் பெட்டிக் குளிர். என்னைச் சுற்றி டை கட்டிய பையன்கள், எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு பென்சில். குளிரில் எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டிருக்க, என் உள்ளங்கை மட்டும் பிழிந்தால் சொட்டும் போல வியர்த்தது. இருநூறு கேள்வி, நான்கு மணி நேரம். தோன்றுவதை அடித்தேன், மீதி மூன்றில் தேடினேன், கேள்வித்தாளில் குறித்தேன், விடைத்தாளில் கறுப்பாக்கினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

எழுபத்தொன்றாம் கேள்வியில் நின்றேன். அவசர வேலை ஒன்று. திட்ட நிர்வாகியின் உறவினர் ஒருவரிடம் லோரி இருக்கிறது. நிர்வாகி என்ன செய்ய வேண்டும்?

புத்தகத்தில் இல்லாத என் மச்சான் பரீட்சைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். எனக்குத் தோன்றியதை அடித்தேன். மீதி மூன்றும் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தன. பிறகு வருவோம் என்று அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

நூற்று அறுபதைத் தாண்டும்போது தற்செயலாக விடைத்தாளைப் பார்த்தேன். தாள் சிவந்திருந்தது. வியர்வையில் குங்குமம் கரைந்து, விரலில் ஒட்டி, விரல் போன இடமெல்லாம் போயிருந்தது. ஓரத்தில் ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை. தாளின் தலைப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பென்சில் குறியைத் தவிர வேறு எந்தக் கறையும் கூடாது, திருத்துவது மெஷின்.

ரப்பரால் அழித்தேன். குங்குமம் அழியவில்லை, பரவியது. முன்பு சிவப்பாக இருந்த இடம் சின்னதாக இருந்தது, இப்போது ரோஸாக இருந்த இடம் பெரிதாக இருந்தது. மெஷின் அதைப் பார்த்து என்ன நினைக்கும்? ஒரே கேள்விக்கு நான்கு விடையும் போட்டவன் என்று நினைக்கும். பிந்துலு கடற்கரையில் நான் தனியாக உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் காட்சி வந்தது. அந்த நிமிடத்தில்தான் வேண்டிக்கொண்டேன். தாயே, பாஸ் போட்டுவிடு, எஸ்டேட் கோயிலில் மொட்டை போடுகிறேன்.

கையைத் தூக்கினேன். மேற்பார்வைக்கு நின்ற மலாய் அம்மா வந்தார். தாளைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், முகம் மாறியது.

"டாரா?"

ரத்தமா என்று கேட்டார்.

"புகான், புவான். செம்பாயாங் புஞ்யா." இல்லை அம்மா, சாமி கும்பிட்டது.

பதினொரு பென்சிலையும் வரிசையாகப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது அவருக்குச் சிரமமாக இருந்தது. புதுத் தாள் ஒன்றும், கையைத் துடைக்க ஒரு காகிதக் கைக்குட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். நேரம் மட்டும் கூட்டித் தர முடியாது என்றார்.

பலன் போனாலும் பரவாயில்லை என்று எல்லாப் பென்சிலையும் துடைத்தேன். கேள்வித்தாளில் குறித்ததைப் பார்த்து, ஒன்றிலிருந்து புதுத் தாளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எழுபத்தொன்றில் ஏற்ற விடை இல்லை, விட்டுவிட்டு வந்தேனே. ஆனால் பழைய தாளில் எழுபத்தொன்றாம் வரிசை கறுப்பாக இருந்தது.

அது எழுபத்திரண்டின் விடை. கேள்வியை விட்டவன் வரிசையை விட மறந்திருக்கிறேன். எழுபத்திரண்டு எழுபத்தொன்றில், எழுபத்து மூன்று எழுபத்திரண்டில். அங்கிருந்து தொண்ணூறு கேள்விக்கு மேல், எல்லா விடையும் பக்கத்து வீட்டில் குடியிருந்தன.

எனக்கு வியர்வை நின்றுவிட்டது. பயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது போல, அதைத் தாண்டியதும் குளிர்ந்துவிடுகிறது. ஒழுங்காக எல்லாவற்றையும் அந்தந்த வரிசையில் ஏற்றினேன். மீதிக் கேள்விகளையும் முடித்தேன். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுபத்தொன்றுக்குத் திரும்பினேன். 'உறவைக் கம்பெனிக்குத் தெரிவித்து, மற்றவர்களிடமும் விலை கேட்க வேண்டும்' என்று ஒரு விடை இருந்தது. பதினாறு வருடத்தில் நான் ஒருமுறைகூடச் செய்யாத காரியம். ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்று கறுப்பாக்கினேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மெலிந்த உறை. தடித்த உறை என்றால் சான்றிதழ், மெல்லிய உறை என்றால் அனுதாபம் என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. நான் பிரிக்கவில்லை, கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். ஏற்கெனவே ஊற்றிய செடிதான். அவள் வாசற்படியில் நின்று, விடைத்தாள் திருத்தும் முகத்தோடு படித்தாள்.

"பாஸ்."

"முழுசாப் படி."

"முழுசாவே அவ்வளவுதான் போட்டிருக்கு. சான்றிதழ் பின்னாடி வருமாம்." பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டே, "செடி அழுகிப்போகும், தண்ணிய நிறுத்துங்க" என்றாள். எனக்குத் திட்டு வாங்குவது இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டில் வேண்டுதல் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தலையைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிலேயே அது வழுக்கையாகிவிட்டது. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை பின்பக்கமாகக் கொஞ்சம் முடி, வேலி மாதிரி.

"இதையா ஆத்தாளுக்குக் கொடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"இருக்கிறதத்தானே கொடுக்க முடியும்?"

"மீசை இருக்கே."

மச்சானும் அவள் கட்சி. குங்குமம் போட்டதால்தான் பாஸ், ஆகவே பங்கு கேட்க அவனுக்கும் உரிமை உண்டு என்று நினைத்தான். தாளை அழுக்காக்கியதே குங்குமம்தான் என்றேன். "அழுக்காக்கலன்னா தப்பு தெரிஞ்சிருக்குமா மச்சான்?" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கோயிலில் பதினெட்டு வயதிலிருந்து நான் வைத்திருந்த மீசை போனது. தலை வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட, நாவிதர் மீசைக்குத்தான் கத்தியைப் புதிதாகத் தீட்டினார். மனைவி பக்கத்தில் நின்று சந்தனம் பூசிவிட்டாள், பென்சிலுக்குப் பூசியதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே.

திங்கட்கிழமை காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு தௌக்கேயின் அறைக்குப் போனேன். அவர் தலையைத் தூக்கி வழவழப்பான என் முகத்தைப் பார்த்தார்.

"லு சியாப்பா?"

நீ யார் என்று கேட்டார். பதினாறு வருடம். கடிதத்தை நீட்டினேன். பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெயரைப் படித்தார். பிறகு தனக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னார்.

"சினி."