சேற்றுக் கரையில் எங்களுடன் நின்ற ரோசலி அக்கா

இரவு வேலை முடிந்தோரை இறக்கிவிடும் கம்பெனிப் பேருந்து, அன்று காலை எங்கள் பிளாக்கின் முனையில் வழக்கம்போல் நின்றது. மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கும் அஞ்சலை அதிலிருந்து இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"நம்ம ரோசலி சிஸ்டரு தவறிட்டாங்கம்மா."

"வேன் எங்கே கவிழ்ந்தது?" என்பதே என் வாயிலிருந்து வந்த முதற்கேள்வி. அவரைப் பற்றிய துயரச் செய்தி வருமாயின் அவ்வாறுதான் வரும் என்று நெடுநாளாக அஞ்சியிருந்தவள் நான்.

"வேனும் இல்ல, ஒன்னும் இல்லம்மா. வார்டுல நாற்காலியில குந்திகினு இருந்தாங்க. அப்புடியே சாஞ்சிட்டாங்க."

மலையேறியும் காடு புகுந்தும் எத்தனையோ இடர்களைக் கடந்து வந்த நம் செவிலியர், நோயாளிகள் உறங்கும் கூடத்தில் அமர்ந்தபடியே மறைந்தார். அவருடன் பயணம் செய்த மகளிர் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். பள்ளியின் படியேறாமல் பழைய செய்தித்தாள்களைக் கொண்டே எழுத்தறிவு பெற்றவள் நான். எனினும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட எனக்கு மனமில்லை.

வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து இந்த நெய்வேலி நிலக்கரி நகரியத்துக்குக் குடிவந்த நமக்குக் குவார்ட்டர்ஸ், சந்தை, மருத்துவமனை ஆகிய மூன்றைத் தவிர வேறு திசை தெரியாதிருந்தது. இரவு ஷிப்டு நாளே ஊர் சுற்ற உகந்த நாள் என்று கண்டுபிடித்தவர் ரோசலி அக்கா. பகல் முழுவதும் நம்முடையது, உறக்கத்தை வேனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. குறிஞ்சிப்பாடியிலிருந்த தம் தம்பியின் பழைய வேனை வரவழைத்துச் செஞ்சிக் கோட்டைக்கும் தேவனாம்பட்டினக் கடற்கரைக்கும் நம்மை அழைத்துச் சென்றார். ஒவ்வொரு முறையும் கதவுப்பிடியை இறுகப் பற்றியவாறே நான் அமர்ந்திருப்பேன்.

திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? வெட்டவெளியில் பெருமரங்கள் கல்லாய்க் கிடந்தன. மண்ணுக்கடியில் கரியான மரத்தை நம்பிப் பிழைக்கும் நாம் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். "நம்ம மரம் அடுப்புக்குப் போச்சு, இதுங்க தப்பிச்சுகினு படுத்துகினு இருக்குதுங்க" என்றார் அக்கா. நானும் சிரித்தேன். ஆயினும் பாம்பு இருக்குமோ என்று என் கண்கள் கற்களின் இடுக்குகளையே துழாவின.

பிச்சாவரம் சென்றது என் கணவர் சுரங்கத்தின் பம்புப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாய் இருந்த காலம். அவரைப் பர்மனெண்ட் ஆக்கும் பேச்சு அம்மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஷிப்டு தவறினாலும் பெயரை நீக்கிவிடுவதாகக் காண்ட்ராக்டர் எச்சரித்திருந்தார். எங்களுடன் வரவிருந்த அவருக்கு அன்றிரவு ஷிப்டு இருந்ததால் நான் பயணமே வேண்டாம் என்றேன். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்றார்கள். கிள்ளைக்கருகே ஒரு மீனவர் தம் படகைத் தந்தார். என் கணவர் வீராணம் ஏரிக்கரையில் வளர்ந்தவராதலால் கழி ஊன்றத் தெரிந்தவர். புறப்படும்போது அம்மீனவர், "தண்ணி வத்தறதுக்குள்ள வந்துடுங்க. அப்பறம் சேத்துலதான் குந்திகினு இருக்கணும்" என்றார்.

என் கணவர் சிரித்தார். "எங்க மைன்ஸ்ல ராப்பகலா பம்பு ஓட்டியே தண்ணி எறங்க மாட்டேங்குது. இங்க பம்பே இல்ல, எப்புடிங்க எறங்கும்?"

படகிலிருந்த அனைவரும் சிரித்தோம், அக்கா உட்பட. நெய்வேலிக்காரர்களைத் தவிர வேறு எவர் அவ்வாறு சிரித்திருப்பர்? கடல்நீர் ஏறி இறங்குவது பற்றிப் படித்திருந்த நானும்கூட, அது கரையில் நடக்கும் அலையின் செயல் என்றே எண்ணியிருந்தேன்.

சுரபுன்னை மரங்களுக்கிடையே ஒரு சிறு வாய்க்காலில் படகைக் கட்டிவிட்டு, மேட்டில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு எழுந்தபோது படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. எல்லோரும் ஏறினால் அது நகராது. நீர் மீண்டும் ஏறப் பொழுது சாய்ந்துவிடும். கணவரின் வேலை போயிற்று என்றே எண்ணினேன்.

காலியான படகைத் தள்ளி ஆழமான வாய்க்காலில் சேர்த்தோம். இருவர் போகலாம் என்ற அளவுக்கு அது மிதந்தது. அக்கா என் கணவரிடம், "நீ போ தம்பி. படகுக்காரர இங்க அனுப்பிட்டு, வேன்ல ஏறி ஷிப்டுக்குப் போய்ச் சேரு. ஒன்ன எறக்கிவுட்டுட்டு வேன் திரும்பி வரட்டும்" என்றார். உடன் வந்திருந்த இளஞ்செவிலி ஒருத்தி, "நீங்களும் ஏறுங்க சிஸ்டர்" என்று தாழ்ந்த குரலில் இருமுறை கூறினாள். அக்கா அவளைப் பார்வையாலேயே அடக்கினார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

படகு மறைந்தபின் வந்த அச்சத்தை எழுத என்னிடம் சொல்லில்லை. வாய்க்கால்கள் அனைத்தும் ஒன்றுபோல் இருந்தன. அவர் வழி தவறினாரோ, மீண்டும் தரைதட்டினாரோ, படகுக்காரர் வருவாரோ? வேரைப் பிடித்துக்கொண்டு இவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அக்கா முழங்கால் அளவுச் சேற்றில் என் பக்கத்தில் நின்றார்.

"பயப்படு தங்கச்சி, வேணாங்கல. பயந்துகினே அந்த மீன்கொத்தியக் கொஞ்சம் பாரு."

பார்த்தேன். அந்நீல நிறத்தை இன்றளவும் மறக்கவில்லை.

நீர் ஏறி, மீனவரின் குரல் மரங்களுக்கப்பால் கேட்டபோது வானம் சிவந்திருந்தது. நாங்கள் வீடு சேர்கையில் என் கணவர் ஷிப்டில் இருந்தார். பின்னர் பர்மனெண்டும் ஆனார்.

ஒரு வாரம் கழிந்தபின்தான் அஞ்சலை வாயிலாக அறிந்தேன்: அன்றிரவு அக்காவுக்கும் டியூட்டி இருந்தது, நேரத்துக்கு வராததால் அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். படகில் காலியாய்ப் போன இரண்டாம் இடம் அவருக்குரியது. கோபத்துடனும் அழுகையுடனும் அவர் வீட்டுக்குச் சென்று, ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

"நான் பர்மனெண்ட் ஆனவ, ஒரு மெமோ தாங்குவேன். நீ அப்ப நின்ன நெலைமைக்கு, ஒன்ன வுட்டுட்டு எப்புடிப் போறது?" என்றவர், உடனே காபி போடச் சென்றுவிட்டார்.

அவரிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது துணிவன்று. துணிவு எனக்கு இன்றும் வாய்க்கவில்லை. நடுங்கும் ஒருவரை விட்டு அகலாமல் நிற்கும் பழக்கத்தை மட்டுமே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் கல்வராயன் மலைக்குச் செல்ல அவர் ஏற்பாடு செய்திருந்த வேனை வேண்டாமென்று சொல்லிவிடலாமா எனச் சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம், வேன் வரட்டும். மலைப்பாதையின் வளைவுகளை எண்ணி அஞ்சுவோர் என் பக்கத்தில் அமருங்கள். நானும் அஞ்சிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் உங்களை விட்டு இறங்கிப் போகமாட்டேன்.