குகநாதன் வீட்டில் வேலை செய்பவர் ஒருவர்

லண்டன் குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குகநாதனுக்கு உலகத்தில் ஒரே கவலைதான்: வெள்ளைக்காரர் வேலை செய்வதில்லை.

"இந்த மண்ணில பிறந்ததுகள் அரசாங்கத்திட்ட பெனிபிட் காசு எடுத்துக்கொண்டு படுத்துக் கிடக்குதுகள். எங்கட ஆக்களில ஆரும் சும்மா இருக்கினமே?" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி முழங்குவார். ஜெர்மனியில் பதினைந்து வருடம் கோப்பை கழுவியவர், முழங்கட்டும். அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் அரிசி மூட்டையை இழுத்து அடுக்குவது மனைவி ஜெயகௌரி. காலை ஆறு மணிக்குக் கடையைத் திறப்பதும் அவர்தான். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது.

குகநாதனுடைய வசவுக்கு நிரந்தர உதாரணம் டெரி. கூரை வேலையில் விழுந்து முதுகு போன வெள்ளைக்காரர். காலையில் கடை திறக்கும்போதே பால் வாங்க வந்து நிற்பார்.

பக்கத்துப் பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஜெயகௌரிக்குத் தெரியவந்தது. தன் பெயரில் ஒரு வேலை வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக உண்டு. முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் வேலையை நேரில் பார்த்தவர் எழுதினாலும் போதும்.

"இஞ்சேருங்கோ, நான் இஞ்ச வேலை செய்தனான் எண்டு ஒரு கடிதம் தாங்கோ."

குகநாதன் சிரித்தார். "நீர் எங்க வேலை செய்தனீர்? உதவிக்கு நிண்டனீர். கவுன்சிலுக்கு நிரப்பின போமிலயும் இந்த வீட்டில வேலை செய்யிறது ஒராள் எண்டுதான் எழுதிக் குடுத்தனான்."

ஊரார் சோம்பலையெல்லாம் எண்ணி வைத்திருந்த மகானுக்கு, தன் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒருத்தியை எண்ணத் தெரியவில்லை. ஜெயகௌரிக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அரைகுறை ஆங்கிலத்தில் டெரியிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டார். பால் போத்தலை வைத்துவிட்டு அங்கேயே எழுதிக்கொடுத்தார் அந்தச் சோம்பேறி: 'இவர் தினமும் ஆறு மணிக்குக் கடை திறப்பதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒருநாளும் பிந்தியதில்லை.'

வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கடைச் சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டு ஜெயகௌரி போய்விட்டார்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வரும்போது கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குகநாதனின் கையெழுத்து. 'வேலைக்கு ஆட்கள் தேவை. காலை ஆறு மணி முதல். இரண்டு பேர்.'

ஜெயகௌரி அதை இரண்டு தரம் வாசித்தார். கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஏனப்பா, உதவிக்கோ எடுக்கிறியள், வேலைக்கோ?"

பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தார்.