மான் கிழிக்கத் தெரிந்தெடுத்த கத்தி

வெட்டித் திறந்த மானின் வயிற்றிலிருந்து எழும்பும் ஆவிக்கு ஒரு மணம் உண்டு. ஈரப் புல்லும் இரும்பும் புளித்த கஞ்சியும் சேர்ந்தது போன்ற மணம், குளிர் நாட்டில் அது வெள்ளையாகக் கண்ணுக்கும் தெரியும், அதற்குள் கையை விட்டால் விறைத்துப்போன விரல்களுக்கு உயிர் திரும்பும். அந்த மணத்தைச் சுவிஸில் நான் முதன்முதலில் முகர்ந்தபோது எனக்கு வயது பதினாறு.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு ஓல்டனில் இரண்டு இறைச்சிக் கடை என் பெயரில் நடக்கிறது, திரிம்பாக்கில் சொந்த வீடு, இந்த நாட்டிலேயே பிறந்து படித்தவர்கள் இரண்டு தரம் மூன்று தரம் பெயில் விடுகிற வேட்டைச் சோதனையை நான் முதல் தரத்திலேயே ஜெர்மன் மொழியில் எழுதிப் பாஸ் பண்ணினேன். அதனால் புதிதாக வேட்டைக்குப் போகிற எங்கள் பிள்ளைகள், கத்தி வாங்க முதல் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். மடக்குக் கத்தி வேண்டாம், மடிப்புக்குள் இரத்தமும் மயிரும் போய் நாறும், ஒரே இரும்பாய்ப் பிடிக்குள் இறங்கி நிற்கிற கத்தியை எடு என்பேன். அலகு உன் உள்ளங்கையை விட நீளக் கூடாது, முதுகில் வாள்பல்லும் கொக்கியும் கடைக்காரனுக்கு அழகு, உனக்கு வில்லங்கம், சுட்டுவிரல் அலகின் முதுகில் படுத்து நுனியைத் தொட வேண்டும், ஏனென்றால் வயிற்றுக்குள் போன நுனியைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும் என்பேன். இதெல்லாம் யாரும் சொல்லித் தராமல் நானாகப் படித்தது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். அது பொய். ஒருவர் சொல்லித் தந்தார், நான்தான் கேட்கவில்லை.

அவர் என் அக்காவின் புருஷன், அத்தான். மன்னார்க் கரையில் வள்ளம் வைத்திருந்தவர், கடலைத் தவிர வேறு வேலை தெரியாதவர். அக்காவையும் கைக்குழந்தையையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்குள் வந்தார். எங்களைக் கிரவுபுண்டன் மலைக்குள் ஒரு கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு விடுதியில் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். விடுதிக்கார அம்மாவை எல்லாரும் "ஷெஃபின்", முதலாளியம்மா, என்பார்கள், நாங்களும் அப்படித்தான். ஆவணி முடியும்போது, வெளிநாட்டுக்காரரைக் கவனிக்கிற "பிரெம்டன்பொலிஸ்" கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் இரண்டு பேரின் விண்ணப்பமும் தள்ளுபடி, நாட்டை விட்டுப் போக வேண்டும். ஊரில் அப்போது இளந்தாரிகளைப் பிடித்துக்கொண்டு போன காலம், பிடிபட்டவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கடிதத்தை அத்தான் மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை, கோப்பைகளைக் கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒருத்தர், இந்த ஆள் எனக்குக் கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நிற்க விடுவார்கள் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு கதை இருந்தது. ஷெஃபினிடம் கேட்டோம். கோப்பை கழுவ யாரும் வருவார்கள், அதற்கு எப்படி எழுதுவது என்று அவ கையை விரித்தா. புரட்டாதியில் வேட்டைக் காலம் தொடங்கும், விடுதிக்கு மானிறைச்சிதான் அந்தப் பருவத்தின் சீவியம், கிழித்து உரிக்கிற ஆளுக்கு நோய் என்று அவ சொன்னது எனக்கு அரைகுறையாய் விளங்கியது. உடனே சொன்னேன், எங்கள் வீடு காட்டுக் கரை, நான் மான் கிழித்தே வளர்ந்தவன் என்று. உண்மை என்னவென்றால், மாமாவோடு இரண்டு தரம் காட்டுக்குப் போய், அவர் கிழிக்கும்போது பின்னங்கால்களை விரித்துப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஷெஃபின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்கில் இருக்கும் இரும்புக் கடைக்கு ஒரு துண்டு எழுதித் தந்தா. வேண்டிய கத்தியை நீங்களே தெரிந்தெடுங்கள், வேலை தெரிந்தவனுக்குக் கத்தியும் தெரியும் என்றா. முதல் மான் ஒழுங்காய் வந்தால் இரண்டு பேருக்கும் எழுதுவேன் என்றும் சொன்னா.

கடைக்காரர் ஒரு இழுப்பறையைத் திறந்தார். பச்சைத் துணியில் கத்திகள் வரிசையாய்ப் படுத்திருந்தன. ஒன்று மான்கொம்புப் பிடி போட்டு, சாணுக்கு மேல் நீளமாய், முதுகில் வாள்பல்லும் நுனியில் கொக்கியுமாய் மின்னியது. கடைசி மூலையில் மரப்பிடி போட்ட கட்டைக் கத்தி ஒன்று கிடந்தது, பார்க்க ஏழைப்பட்டது. அத்தான் நேரே அதைத்தான் எடுத்து, அலகின் மேல் சுட்டுவிரலை நீட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதை எடு. குடல் எடுக்கிற கத்தியின்ரை நுனி விரலுக்குள்ளை நிக்கோணும். மீனுக்கும் மானுக்கும் வயிறு ஒண்டுதான்."

"அத்தான், அது சூடை மீன் வெட்டுற கத்தி. மானைப் பற்றிக் கடல்காரருக்கு என்ன தெரியும்?"

அவர் கோபிக்கவில்லை. "சரி காட்டு ராசா, நீயே எடு" என்று சிரித்தார். அந்தக் கடிதம் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் கொம்புப் பிடியைக் காட்டினேன். பெரிய கத்தியைக் கண்டால் ஷெஃபின் நம்புவா என்று எனக்குள் ஒரு கணக்கு. திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தான் இன்னொரு தரம் மெதுவாய்ச் சொன்னார், தான் பகிடிக்குச் சொல்லவில்லை, இறங்கிப் போய் மாற்றுவோம் என்று. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம், ஷெஃபினின் தமையன் மேலே காட்டுக்குள் ஒரு கலைமான் சுட்டுவிட்டார் என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள். மூச்சு வாங்க ஏறிப் போனோம். அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி, ஒரு சவுக்குக் கொப்பு மாதிரி இருந்த மரக்கிளையை ஒடித்து மானின் வாய்க்குள் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அது செத்த மிருகத்துக்குக் கொடுக்கும் கடைசிச் சாப்பாடு என்று பிற்பாடு அறிந்தேன். அத்தான் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியவருக்குத் தோளில் வருத்தம், என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் கத்தியை உருவினேன். அவருடைய கண் கத்தியிலேயே நின்றது.

தோலைக் கீறும்வரை எல்லாம் சரி. பிறகு அலகு உள்ளே போனது, அதன் நுனி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரைப்பை கிழிந்து, அரைத்த பச்சைப் புல் கஞ்சியாய் உள்ளெல்லாம் பாய்ந்தது. பதறிப்போய்க் கத்தியை வெளியே இழுத்தேன், கொக்கி குடலையும் கொழுவிக் கிழித்துக்கொண்டு வந்தது. அப்போதாவது கையை எடுத்துவிட்டு நின்றிருக்கலாம். கெட்ட பக்கத்தை மட்டும் அரிந்து எறிந்து, துடைத்து, காயத் தூக்கியிருந்தால் பாதி மான் மிஞ்சியிருக்கும். ஆனால் எங்களுடைய ஆட்கள் தண்ணீர் தெளியுமட்டும் கழுவாமல் எந்த இறைச்சியையும் சட்டியில் போடமாட்டார்கள், எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரமும் அதுதான். மானை ஓடைக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீருக்குள் போட்டுத் தேய்த்தேன். பெரியவர் பின்னால் நின்று ஏதோ கத்தினார், கெதியாய்க் கழுவச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். தோலோடு நாள்கணக்காய்க் காற்றில் தொங்க வேண்டிய இறைச்சி, தண்ணீர் குடித்து வெளிறி ஊறிப்போனது.

விடுதியின் பின்வளவில் ஷெஃபின் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தா. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஊரையே அழைத்திருந்தா. தமையன் கத்தியைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். அவ எங்களிடம் திரும்பி, விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டா: இந்தக் கத்தியைத் தெரிந்தெடுத்தது யார்? வேலை தெரியாமல் அந்தப் பொய்யைக் கட்டினவன் யார் என்பதுதான் உண்மையான கேள்வி, அது அவவுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அத்தானுக்கு ஜெர்மனில் பத்துச் சொல் வராது. அதில் ஒன்றை எடுத்து, நெஞ்சில் கையை வைத்து, "இஹ்" என்றார். நான் என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னார்:

"நீ கதையாதை. இஞ்சை ஓராள் நிண்டால் போதும்."

நான் கதைக்கவில்லை.

ஷெஃபின் ஒரு கடிதம்தான் எழுதினா, என் பெயருக்கு. சின்னவன், மூத்தவன் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னான், செய்தான், வேலை பழகுவான் என்று எழுதினாவாம். பனி விழ முதல் அத்தானை அனுப்பினார்கள். ஸ்டேசனில் அவர் என் கொலரைச் சரிசெய்துவிட்டு, அக்காவுக்குத் தான் சொல்லிக்கொள்வதாகவும் நான் ஒன்றும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னபடியே அவளிடமும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அந்தக் காலம் மன்னார்க் கடலில் இறங்குவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவது. ஒரு வருசம் ஆகவில்லை, போன வள்ளம் கரைக்கு வரவில்லை.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். கலியாண வீடுகளில், கொண்டாட்டங்களில், அத்தான் மானை ஓடையில் குளிக்க வார்த்த கதை என்று நானே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது.

போன வருசம் அந்தக் கிராமத்துக்குக் காரில் போனேன். விடுதி விடுமுறைக்காரருக்கு அறைஅறையாய் விற்கப்பட்டுவிட்டது. இரும்புக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். ஷெஃபினும் தமையனும் ஒரே சேமக்காலையில் பக்கத்துப் பக்கத்துக் கல்லறையில் கிடக்கிறார்கள். அன்றைக்குப் பின்வளவில் நின்றவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான், நான் சொல்லாவிட்டால் அது நடக்காத மாதிரித்தான். அக்கா மன்னாரில் இருக்கிறாள், கண் பார்வை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய போன் எடுத்து, ஊர்ச் சங்கதி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் எப்போதும் அதையே சொல்லுவாள்: "நீ கெட்டிக்காரன், நிண்டு பிடிச்சிட்டாய். அந்த மனுசனுக்குத்தான் ஒரு கத்தி எடுக்கத் தெரியேல்லை." நான் ஓம் அக்கா என்பேன். அத்தனை வருசமும் ஓம் என்றிருக்கிறேன்.

என் பெயரில் எது அச்சில் வந்தாலும், தகப்பனின் முகம் நினைவில் இல்லாமல் வளர்ந்த அவளுடைய மகள் அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டுவாள். இதையும் வாசிப்பாள். இந்த இடத்தில் நிறுத்தாதே பிள்ளை, சத்தமாய் வாசி. அக்கா, அந்தப் பெரிய கத்தியைக் கை நீட்டிக் காட்டினவன் நான். அத்தான் சின்னதைத்தான் எடுக்கச் சொன்னவர்.