திட்டத் திட்ட மூச்சு

என் அக்கா வீட்டுக்காரர் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மாஸ்க் போட்டால் வேர்க்கிறதாம். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கதவை அடித்துவிட்டு, தள்ளிப்போய் மூச்சு விடுவார். அவராகவே கண்டுபிடித்த வைத்தியம்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு அவரால் ஏற முடியவில்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் வீடு. கூடத்தில் கட்டில் போட்டேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்திருந்தன. அக்கா ஏறி இறங்கியே தேய்ந்தாள். வாயில்லாப் பூச்சி, முணுமுணுக்கக்கூட மாட்டாள். அவருக்கோ ஒரே ஆசை, வீட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

டாக்டர் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பயிற்சிக் குளத்துக்கு அனுப்பினார். "தரையிலேயே மூச்சு வரல, இதுல தண்ணி வேறயா?" என்றார் அத்தான். மார்பளவுத் தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கும், கால் வலுப்படும் என்றாள் பயிற்சி தரும் பெண்.

"கையால தண்ணியைத் தள்ளும்போது வாயைக் குவிச்சு ஊதுங்க."

அத்தான் கையை நீட்டியதும் மூச்சு தானாக அடங்கிவிட்டது. மனிதர் தண்ணீருக்கும் பெயிண்ட் அடிக்கிறார்! திணறித் திணறிக் கரையேறினார். அடுத்த தடவையும் அதே கதைதான். தொட்டில் பழக்கம் என்று ஆரம்பித்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் விழுங்கினேன்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "அத்தான், உங்க குறட்டையில என் வீட்டுச் சுவரே விரிஞ்சுபோச்சு!" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"உன் சமையல் வாசனையில விரிஞ்சிருக்கும்!" தண்ணீரைத் தள்ளிக்கொண்டே பதில் வந்தது.

பயிற்சிப் பெண் கைதட்டினாள். பேசுகிறவனால் மூச்சை அடக்க முடியாதே! அன்றிலிருந்து நான் திட்டுவேன், அவர் தள்ளுவார். மச்சினிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

குளத்தில் கால் தேறியதும் ஒருநாள் மாடிப்படியில் கால் வைத்தார். நான் பின்னால் திட்டிக்கொண்டே ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்து நின்றார். மூச்சை அடக்கிவிட்டார், பழையபடி. பயத்தில் எனக்குத் திட்டே மறந்துபோனது. திட்டு என்று கையை ஆட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது.

மேலே கதவு திறந்தது.

"அங்கேயே நின்னா எப்படி? தங்கச்சி வீட்டுக் கட்டில்தான் சுகமா இருக்கோ? எத்தனை நாள்தான் நான் இங்க தனியா படுக்கிறது?"

அக்காவின் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டறியாத குரல். அத்தான் நிமிர்ந்தார்.

"வர்றேன்..." ஒரு படி.

"வர்றேன்டி..." இன்னொரு படி.