தோஷம் பார்த்து வாங்கிய மூக்குத்தி

வல்லம் வடகால் பக்கத்துப் பெண்கள் விடுதிகளில் பகல் பன்னிரண்டு மணிதான் நடுச்சாமம். இரவு ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, கட்டைபோல் கிடப்பார்கள். மூன்று மாடி நிறைய உயிர்கள் இருந்தும் ஒரு தும்மல் கேட்காது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்; உள்ளே நடையில் விளக்குப் போட்டால்தான் வழி தெரியும். அந்த இருட்டில் விழித்திருக்கும் ஒரே ஆள் சமையல்காரி கோமதியம்மாள்.

நாங்குநேரிப் பக்கத்துக்காரி. புருஷன் அய்யாத்துரை ஒரகடத்துக்கு உதிரிபாகம் ஏற்றிவந்த லாரி ஓட்டுநர். ஒரு மழைநாளில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அவர் வந்துபோன ஊருக்கே மகள் சுகப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தாள் கோமதி. மகளுக்குச் செல்போன் கம்பெனியில் வேலை, அம்மாவுக்கு விடுதிச் சமையல். கழுத்திலிருந்து கழற்றிய தாலியும் சங்கிலியும் மட்டும் மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் கிடந்தன. எத்தனையோ நெருக்கடி வந்தும் அதை அவள் அடகுக்கடைப் பக்கம் கொண்டுபோனதில்லை. மனுஷன் விட்டுப்போனதில் அது ஒன்றுதான் மிச்சம் என்று சொல்வாள்.

தைரியசாலி. குடித்துவிட்டு கேட்டில் தகராறு செய்தவனைக் கரண்டியோடு துரத்தியவள். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவளைவிடப் பயந்தாங்கொள்ளி இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. பூனை குறுக்கே போனால் சாம்பாருக்குப் பருப்புப் போடுவதைக்கூடத் தள்ளிவைப்பாள்.

மகளுக்கு வரன் அமைந்தது. "பொண்ணு மூக்குல ஒரு வைரம் மின்னுனா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. வேறொன்றும் வேண்டாம் என்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கோமதி வைரத்துக்கு எங்கே போவாள்? வைரம்தான் அவளைத் தேடி வந்தது, கிளியம்மாள் உருவத்தில். பென்னலூர்க்காரி; விடுதி விடுதியாகத் தவணைக்குப் புடவை விற்பவள். பழைய தங்கத்தை வாங்கிக்கொண்டு மூக்குத்தியும் கொடுப்பாள். வைரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கக்கூடாது, வீட்டில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பது நம்மவர்கள் வழக்கம். கெட்ட கனவு வந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ கல்லில் தோஷம் என்று திருப்பிவிடுவார்கள். அந்த வழக்கம் கிளியம்மாளுக்கு அத்துப்படி.

இரண்டு ஒற்றைக்கல் மூக்குத்திகளைத் தனித்தனிப் பொட்டலமாக நீட்டினாள். "ரெண்டும் வச்சிகினு பாரு கோமதி. தலமாட்ல வச்சி தூங்கு. எது ஒத்துக்குதோ அத எடுத்துக்கோ. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். கல்லே சொல்லும்."

முதல் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மதியம் படுத்தாள். கனவில் அய்யாத்துரை வந்தார். சமையலறை வாசலில் முதுகைக் காட்டி நின்றார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. திடுக்கிட்டு எழுந்து கல்லை எடுத்தாள், பனிக்கட்டியாகச் சில்லென்றிருந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோலத் துடைக்கலாமென்று வாயருகே வைத்து ஊதினாள். ஆவி படியவில்லை. மறுபடி ஊதினாள். படிந்ததோ இல்லையோ, அந்தக் கணமே காணாமல் போனது. தனக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள். நடையில் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. உயிரோடு இருப்பது தான்தானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் இரண்டாவது கல். கனவே இல்லாத தூக்கம். எழுந்து ஊதினால் ஆவி புகைபோலப் படிந்து, கொஞ்ச நேரம் நின்று, மெல்ல விலகியது. தொட்டால் கதகதப்பு. முதல் கல்லுக்குப் பின்பக்கம் ஓட்டையாகத் திறந்திருந்தது. இதற்குப் பாந்தமாகத் தகடு வைத்து மூடியிருந்தது. பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துப்போயிற்று.

"யக்கா, அந்தக் கல்லு ஆகாது. உசிரு இல்லாத கல்லு. இதான் எனக்கு ஒத்துக்கிட்டு" என்று மஞ்சள் துணியை அவிழ்த்துத் தாலியையும் சங்கிலியையும் கொடுத்தாள். கிளியம்மாள் முதல் கல்லைத் தொடாமல், பொட்டலத்தோடு முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் திருகாணி லேசாக ஆடியது. முறுக்கித் தரச்சொல்லி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நகைக்கடைக்குப் போனாள். ஷாரோன் என்ற விற்பனைப் பெண் பூதக்கண்ணாடியில் பார்த்தாள், உள்ளே எடுத்துப்போய் மெஷினில் வைத்தாள், வரும்போதே முகம் வாடி வந்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது வைரம் இல்ல."

"நல்லாப் பாரு தாயி. ஊதிப் பாத்துல்லா வாங்குனேன்!"

"ஊதினா ஆவி நின்னுச்சா?"

"நின்னுச்சே, நல்லா!"

"நின்னாலே கண்ணாடி மாதிரி ஏதோ கல்லுமா. வைரம் சூட்ட உடனே கடத்திரும், அதனால ஆவி நிக்காது. அதான் தொட்டாலும் ஜில்லுனு இருக்கும். அதுக்காக ஊதிப் பாத்து மட்டும் நம்பிடாதீங்க. சூட்ட வச்சுப் பாக்குற மெஷினையே ஏமாத்துற கல்லெல்லாம் வந்துடுச்சு. பின்பக்கம் மூடின மூக்குத்தின்னா சந்தேகப்படுங்க, மங்கின கல்ல தகடு வச்சுப் பளபளப்பாக்குவாங்க. பில்லும் லேப் சர்டிபிகேட்டும் கேளுங்க. வேற கடையில காட்டிட்டு வர்றேன்னு சொல்லிப் பாருங்க. அதுக்கு மூஞ்சி மாறுனா கல்லப் பாக்கவே வேணாம், எழுந்து வந்துருங்க."

கோமதி கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோஷம் உண்டா, ராசி உண்டா, கனவு வருமா என்று எல்லாம் பார்த்தாள். வைரமா என்று மட்டும் பார்க்கவில்லை. அசல் வைரம் கைக்கு வந்து, தலைமாட்டில் படுத்து, வைரமாக நடந்துகொண்டதற்காகவே திரும்பிப் போயிருக்கிறது. இன்னும் எத்தனை விடுதிகளில் அந்த ஒரே கல் எத்தனை பேரைப் பயமுறுத்திவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பியதோ!

சுகப்பிரியா கெட்டிக்காரி. மாப்பிள்ளையிடமே போனில் பேசி வைரப் பேச்சை முடித்துவிட்டாள். "மூக்குத்தி கெடக்கு. அப்பா தாலிய மட்டும் வாங்கிட்டு வாம்மா" என்றாள். அந்த ஒரு சொல்தான் கோமதியைப் பென்னலூருக்குத் துரத்தியது.

உச்சி வெயிலில் போய்க் கதவைத் தட்டினாள். பட்டப்பகலில் அந்த வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்திக்கிடந்தன. கிளியம்மாள் கதவைத் திறந்தாள், ஆனால் கோமதியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கவாட்டில் வாசலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே இழுத்தாள்.

"எனக்குக் கல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எந் தாலியக் குடுங்க."

"சங்கிலி போயிடுச்சும்மா, உருக்கிட்டாங்க." சண்டை போடுவாள் என்று கோமதி நினைத்திருந்தாள். கிளியம்மாளோ கதவிடுக்கைப் பார்த்தபடியே பேசினாள். "தாலிய எந்த ஆசாரியும் வாங்க மாட்றான். அறுத்த தாலின்னு பாத்தவுடனே கண்டுபுடிச்சிடறான். தூக்கிப் போடவும் பயமா கீது. எல்லாம் வூட்லயே வச்சிகினு கீறேன். யாரோ ஆம்பளைங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க கோமதி. பகல்லயே நிக்கிறாங்க. ஒண்ணும் பேச மாட்றாங்க."

பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். கலகலவென்று தாலிகள் உருண்டன. ஊர் ஊராக வந்து இந்தச் சாலையோரம் சமைத்தும் பெருக்கியும் பிழைக்கும் தாலியறுத்த பெண்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் அங்கே கிடந்தார்கள். "உன்னுத எடுத்துக்கினு போய்டு."

கோமதி குனிந்தாள். தெற்கத்திப் பொட்டுத்தாலிகளே ஐந்தாறு இருந்தன. எல்லாம் ஒரே வார்ப்பு, ஒரே தேய்மானம். பிள்ளை பெற்றபோதும் நெஞ்சில் கிடந்தது, குளித்தபோதும் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் வந்தாள். கண்ணைத் திறந்தும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்து அழுகையாக வெடித்தன. கடைசியில் ஒன்றைக் கையில் இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

அவள் வாசல்படி தாண்டியதும் கிளியம்மாள் பின்னால் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா! ஒருத்தர் உன்கூட கெளம்பிட்டாரு."

கோமதிக்குப் பயத்தைவிட ஆசை முந்திக்கொண்டது. "எங்க வீட்டுக்காரரா? எப்படி இருக்காவ யக்கா?"

"நல்லா செவப்பா, நெட்டையா, பெரிய மீசை."

அய்யாத்துரை கறுப்பு. குள்ளம். பிறந்ததிலிருந்து மீசை வைத்ததில்லை. கோமதி திரும்பிக் கதவைத் தட்டினாள், கத்தினாள், இது வேண்டாம் என்று கெஞ்சினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது.